ஒரு பெயர், ஒரு கிராமம், ஒரு பாட்டனார்!

"காந்தி" படத்தைப் பார்த்திருக்கிறீர்களா?

1982-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கிலப் படம் அது. மகாத்மாவின் இறுதி ஊர்வலத்தைப் படம் எடுப்பதற்காக டில்லியில் லட்சக்கணக்கான ஜனங்கள் திரண்டு நின்றார்கள். படத்துக்கு 8 ஆஸ்கார் பரிசுகள் கிடைத்தன.

அந்தப் படத்தை எடுத்தவர் ஓர் ஆங்கிலேயர். அவர் பெயர் ரிச்சர்ட் அட்டன்பரோ.

அவருக்கு ஒரு தம்பி. காட்டு மிருகங்களையும், பறவைகளையும், கடலுக்கு அடியில் வாழும் உயிர்களையும் டெலிவிஷன் மூலம் வீட்டுக்குள்ளேயே கொண்டு வந்து காட்டியவர். அவர் பெயர் டேவிட் அட்டன்பரோ.

ரிச்சர்ட் என்பதும் டேவிட் என்பதும் பெற்றோர் ஆசையோடு வைத்த பெயர்கள். அட்டன்பரோ என்பது என்ன?

அது குடும்பப் பெயர். இங்கிலாந்திலேயே அபூர்வமான பெயர்.

பிரிட்டனில் "ஸ்மித்" என்ற குடும்பப் பெயர் உள்ளவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல்! அட்டன்பரோ என்று பெயர் உள்ளவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த அபூர்வமான பெயர் எங்கே பிறந்தது? எப்படிப் பரவியது? இந்தப் பெயர் உள்ளவர்கள் எல்லாரும் ஒரே பாட்டனாரின் பிள்ளைகளா?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்கள் பழைய பேரேடுகளைப் புரட்டினார்கள். ஊர்ப் பெயர்களை ஆராய்ந்தார்கள். கடைசியில் மனித உடம்பையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள்!

மாறாத பெயர்

நம் ஊரில் தகப்பனார் பெயரின் முதல் எழுத்தைப் பெயருக்கு முன்னால் போடுவது வழக்கம். முருகனின் மகன் வேலன் என்றால் "மு. வேலன்". அந்த வேலனின் மகன் கந்தன் என்றால் "வே. கந்தன்". தலைமுறைக்குத் தலைமுறை எழுத்து மாறிவிடும்.

இங்கிலாந்தில் அப்படி அல்ல. பாட்டனார் பெயருக்குப் பின்னால் என்ன இருந்ததோ, அதுதான் மகனுக்கும், பேரனுக்கும், கொள்ளுப் பேரனுக்கும்.

ஆதியில் அங்கேயும் ஒற்றைப் பெயர்தான். 1066-ஆம் ஆண்டில் நார்மானியர்கள் பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் வேர் விட்டது. முதலில் பெரிய நிலப்பிரபுக்கள் வைத்துக் கொண்டார்கள். "இந்த நிலம் இந்தக் குடும்பத்துக்குச் சொந்தம்" என்று காட்ட அது உதவியது.

பிறகு சாதாரண ஜனங்களுக்கும் அது வந்தது. ஒரே ஊரில் பத்து ஜான்கள் இருந்தால் வரி வாங்க வருகிறவர் என்ன செய்வார்? எந்த ஜான் என்று எழுதியாக வேண்டுமே!

கொல்லர் ஜான், "ஜான் ஸ்மித்" ஆனார். ஜானின் மகன், "ஜான்சன்" ஆனார். குன்றின் மேல் குடியிருந்தவர், "ஹில்" ஆனார். பழுப்பு நிறத் தலைமுடிக்காரர், "பிரவுன்" ஆனார்.

1400-ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தில் பெரும்பாலான குடும்பங்களுக்கு இப்படிப் பரம்பரைப் பெயர் ஏற்பட்டுவிட்டது.

ஊரை விட்டுப் போனவர்

அட்டன்பரோ இந்த வரிசையில் எங்கே சேரும்?

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் நாட்டிங்காம் என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கிருந்து தென்மேற்கே சில மைல் போனால், டிரென்ட் என்ற ஆற்றின் கரையில் ஒரு கிராமம். அதன் பெயர் அட்டன்பரோ!

அந்தக் கிராமத்தில் மேரி மாதாவின் பெயரால் ஒரு பழைய மாதா கோவில் இருக்கிறது. 1649-ஆம் ஆண்டில் முதலாம் சார்லஸ் மன்னரின் மரண தண்டனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவரான ஹென்றி அயர்ட்டன் இந்தக் கிராமத்தில் பிறந்தவர்தான்.

"பரோ" என்பது கோட்டையை அல்லது அரண் உள்ள இடத்தைக் குறிக்கும் பழைய சொல்லிலிருந்து வந்தது. பீட்டர்பரோ, எடின்பரோ என்ற ஊர்ப் பெயர்களின் வாலில் இருப்பதும் அதே சொல்தான். "அட்டா" என்பவருடைய கோட்டை என்பதே அட்டன்பரோ என்ற ஊர்ப் பெயருக்கு அறிஞர்கள் கூறும் பொருள்.

சரி, ஊரின் பெயர் மனிதனுக்கு எப்படி வந்தது?

ஒரு சின்ன விஷயத்தை யோசித்துப் பாருங்கள். அட்டன்பரோ கிராமத்திலேயே குடியிருக்கும் ஒருவரை, அந்த ஊரார் "அட்டன்பரோக்காரர்" என்று கூப்பிடுவார்களா? மாட்டார்கள். அங்கே எல்லாரும் அட்டன்பரோக்காரர்கள்தானே!

அவர் ஊரை விட்டுக் கிளம்பி, நாலு மைல் தள்ளி இன்னோர் ஊரில் குடியேறினால்தான் அந்தப் பெயர் ஒட்டிக் கொள்ளும். மதுரைக்காரர் என்ற பெயர் மதுரையில் செல்லாது, வெளியூரில்தான் செல்லும்!

ஆகவே ஊர்ப் பெயரைத் தாங்கிய குடும்பத்தின் கதை, யாரோ ஒருவர் மூட்டையைக் கட்டிக் கொண்டு வீட்டை விட்டுப் புறப்பட்ட நாளில் ஆரம்பமாகிறது.

இன்னொரு விளக்கமும் உண்டு. பழைய ஆங்கிலத்தில் "அட்டன் பரோ" என்றால் "கோட்டையின் அருகே" என்று பொருள் கொள்ளலாம். எந்த ஊரில் கோட்டை இருந்தாலும், பக்கத்தில் குடியிருந்தவருக்கு இந்தப் பெயர் வந்திருக்கலாம் அல்லவா?

அப்படியானால் அட்டன்பரோ குடும்பங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் பல இடங்களில் முளைத்திருக்க வேண்டும்.

எது சரி? ஊரா? கோட்டையா?

பேரேடு சொன்ன கதை

1538-ஆம் ஆண்டில் எட்டாம் ஹென்றி மன்னரின் மந்திரி தாமஸ் கிராம்வெல் ஓர் உத்தரவு போட்டார். "ஒவ்வொரு மாதா கோவிலிலும் ஒரு பேரேடு வைக்க வேண்டும். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் அதில் எழுத வேண்டும்" என்பது உத்தரவு.

அந்தப் பேரேடுகள்தான் பெயர் ஆராய்ச்சிக்காரர்களுக்குப் புதையல்.

ஆனால் அதிலும் ஒரு சங்கடம். எழுதச் சொன்னவருக்கு எழுத்துத் தெரியாது. எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார். அதனால் ஒரே குடும்பத்தின் பெயர் அட்டன்பரோ என்றும், அட்டன்பாரோ என்றும் பலவிதமாகப் பதிவாகி இருக்கிறது. நம் பெயரை எழுதத் தெரியாவிட்டால், நம் பெயரை அடுத்தவர் மாற்றிவிடுவார்!

1881-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ந்தேதி இரவு பிரிட்டன் முழுவதும் ஜனத்தொகைக் கணக்கு எடுத்தார்கள். அன்று இரவு வீட்டில் இருந்த ஒவ்வொருவரின் பெயர், வயது, தொழில், பிறந்த ஊர் எல்லாம் எழுதப்பட்டன.

அந்தக் கணக்கை வைத்துத் தேசப் படத்தில் பெயர்களைக் குறித்துப் பார்க்கலாம். ஸ்மித் என்ற பெயர் நாடு முழுவதும் தெளித்துவிட்டது போலத் தெரியும். அட்டன்பரோ அப்படி அல்ல. நாட்டிங்காம் வட்டாரத்திலும் அதை அடுத்த டார்பி வட்டாரத்திலும் குவிந்து கிடக்கும். அதாவது, அந்தக் கிராமத்தைச் சுற்றிலும்!

ஏன் அப்படி? எந்த நாட்டிலும் கொல்லன் இல்லாத ஊர் இல்லை. அதனால் நூற்றுக்கணக்கான ஊர்களில் நூற்றுக்கணக்கான ஸ்மித் குடும்பங்கள் தனித்தனியே பிறந்தன. ஆனால் அட்டன்பரோ கிராமம் ஒன்றே ஒன்றுதான்.

சிலர் தூரமாகவும் போனார்கள். 19-ஆம் நூற்றாண்டில் லண்டன் மாநகரில் அட்டன்பரோ என்றால் அடகுக் கடை என்று அர்த்தம்! அங்கே பிளீட் தெருவில் இந்தப் பெயர் கொண்ட குடும்பத்தார் நகைக் கடையும் அடகுக் கடையும் நடத்தி வந்தார்கள்.

காந்தி படம் எடுத்த ரிச்சர்டின் குடும்பமோ நெடுங்காலம் தாய் ஊரின் அருகிலேயே இருந்தது. ரிச்சர்டின் தகப்பனார் பிரெடரிக் அட்டன்பரோ 1887-ஆம் ஆண்டில் பிறந்தார். பிறந்த ஊர் ஸ்டேபிள்போர்டு. அட்டன்பரோ கிராமத்திலிருந்து அந்த ஊர் சில மைல் தூரந்தான்!

பெயர் பிறந்து நூற்றாண்டுகள் கழிந்த பிறகும் குடும்பம் அந்த வட்டாரத்தை விட்டு நகரவில்லை.

வெறும் கணக்கு அல்ல

ஒரு பெயர் அபூர்வமாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெயர்கள் செத்துப் போகும்!

1348-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கொடிய கொள்ளை நோய் புகுந்தது. இரண்டே ஆண்டுகளில் ஜனங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பலி கொண்டது. வீடு வீடாக ஆட்கள் மடிந்தார்கள். அவர்களோடு அவர்களுடைய பெயர்களும் மடிந்தன.

நோய் இல்லாத காலத்திலும் ஆபத்து உண்டு. ஆங்கிலேயர் வழக்கப்படி, கல்யாணமான பெண் கணவன் குடும்பத்தின் பெயரை ஏற்றுக் கொள்வாள். பெண் குழந்தைகளே பிறந்தால் அந்த வீட்டில் பெயர் நின்றுவிடும். பிள்ளையே இல்லை என்றாலும் அப்படியே.

பிரான்சிஸ் கால்ட்டன் என்ற விஞ்ஞானி 1873-ஆம் ஆண்டில் இதை ஒரு கணக்காகவே போட்டுக் கேட்டார். "காலம் செல்லச் செல்ல எத்தனை குடும்பப் பெயர்கள் மறைந்து போகும்?" என்பது கேள்வி. வாட்சன் என்ற பாதிரியார் விடை காண முயன்றார். 1874-ஆம் ஆண்டில் இருவரும் சேர்ந்து அதை வெளியிட்டார்கள். ஒரு வம்சம் தலைமுறை தலைமுறையாகத் தழைப்பதை விட, எங்கேயோ ஓர் இடத்தில் நின்று போவதே சகஜம் என்று அந்தக் கணக்கு நமக்குக் காட்டுகிறது.

ஆகவே ஓர் அபூர்வமான பெயர் இன்றுவரை தப்பிப் பிழைத்திருக்கிறது என்றால், அதுவே ஓர் அதிசயந்தான்!

உடம்பு சொன்ன சாட்சி

இனிமேல்தான் கதையின் முக்கியமான கட்டம் வருகிறது.

மனித உடம்பின் அணுக்களுக்குள் மிக நுண்ணிய இழைகள் இருக்கின்றன. அவற்றுக்குக் குரோமோசோம் என்று பெயர். அவற்றில் ஒன்று "ஒய்" குரோமோசோம். அது ஆண்களுக்கு மட்டுமே உண்டு. தகப்பனிடமிருந்து மகனுக்கு, அவனிடமிருந்து அவன் மகனுக்கு என்று, ஏறக்குறைய மாறாமல் இறங்கி வரும்.

ஆங்கிலேயரின் குடும்பப் பெயரும் தகப்பனிடமிருந்து மகனுக்குத்தான் இறங்கி வருகிறது. இரண்டும் ஒரே பாதையில் நடக்கின்றன!

அப்படியானால், ஒரே குடும்பப் பெயர் உள்ள இருவரின் ஒய் குரோமோசோமை ஒப்பிட்டுப் பார்த்தால், அவர்கள் ஒரே பாட்டனாரின் வழி வந்தவர்களா என்று தெரிந்துவிடும் அல்லவா?

இங்கிலாந்தில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங் என்ற பெண் விஞ்ஞானியும், மார்க் ஜாப்ளிங் என்ற விஞ்ஞானியும் இதைச் செய்து பார்த்தார்கள். 40 குடும்பப் பெயர்களை எடுத்துக் கொண்டார்கள். அந்தப் பெயர்கள் கொண்ட 1,600-க்கும் அதிகமான ஆண்களைப் பரிசோதித்தார்கள். நெருங்கிய உறவினர்களைச் சேர்க்கவில்லை. 2009-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள்.

ஸ்மித் என்ற பெயர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் அந்நியர்களைப் போலவே இருந்தார்கள். தெருவில் போகும் எவரோ இருவரை நிறுத்திப் பரிசோதித்தாலும் அவ்வளவுதான் ஒற்றுமை இருக்கும்.

அட்டன்பரோக்கள்?

நூற்றுக்கு 70 பேருக்கு மேல், ஒரே மாதிரியான ஒய் குரோமோசோம்! ஒருவரை ஒருவர் பார்த்தறியாதவர்கள், வெவ்வேறு ஊர்க்காரர்கள். ஆனால் பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே பாட்டனாரின் வழித் தோன்றல்கள்!

கோட்டைகள் தோறும் முளைத்த பல குடும்பங்கள் என்றால் இவ்வளவு ஒற்றுமை இருக்காது. ஒரு கிராமம், அதை விட்டுக் கிளம்பிய ஒரு மனிதர் என்ற கதைக்கே இந்தச் சாட்சி வலு சேர்க்கிறது. முதலில் சில குடும்பங்கள் இருந்து, மற்றவை அழிந்து, ஒன்று மட்டும் தழைத்திருக்கவும் கூடும். எப்படி ஆனாலும் பெரும்பாலோருக்குப் பாட்டனார் ஒருவரே.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஸ்டேபிள்போர்டில் பிறந்தாரே பிரெடரிக் அட்டன்பரோ, அவர் பழைய ஆங்கில மொழியில் பெரிய அறிஞர். ஆதிகால ஆங்கில மன்னர்களின் சட்டங்களை 1922-ஆம் ஆண்டில் பதிப்பித்தவர். பிறகு 1932-ஆம் ஆண்டு முதல் 1951-ஆம் ஆண்டு வரை ஒரு கல்லூரிக்குத் தலைவராக இருந்தார். எந்தக் கல்லூரி தெரியுமா? லெஸ்டர் கல்லூரி!

அந்தக் கல்லூரிதான் 1957-ஆம் ஆண்டில் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அவர் வளர்த்த இடத்திலேயே, பிற்காலத்தில் அவருடைய பெயரின் ரகசியம் துலங்கியது!

அறுந்த நூல்கள்

"நூற்றுக்கு 70 என்றால் மீதிப் பேர் என்ன ஆனார்கள்?" என்று கேட்பீர்கள்.

நல்ல கேள்வி. பெயர் என்னும் நூல் வழியில் அறுவதும், வேறு நூலோடு முடிச்சுப் போடப்படுவதும் உண்டு. அநாதைக் குழந்தையை எடுத்து வளர்த்தால் வளர்த்தவர் பெயர் வரும். விதவை மறுமணம் செய்து கொண்டால், பிள்ளைகளுக்கு இரண்டாம் கணவரின் பெயர் வருவதுண்டு. தாய் வீட்டுச் சொத்துக்கு வாரிசான பேரன், தாத்தாவின் பெயரை ஏற்றுக் கொள்வதும் உண்டு. தாய் ஒருத்தியே வளர்த்த குழந்தைக்குத் தாயின் பெயர் வரும்.

இப்படிப் பாதை மாறுவது ஒரு தலைமுறையில் நூற்றுக்கு ஒன்று முதல் நாலரை வரை இருக்கலாம் என்று அந்த ஆராய்ச்சி மதிப்பிட்டது. நூற்றுக்கு இரண்டு என்றே வைத்துக் கொள்வோம். இருபது தலைமுறையில் மூன்றில் ஒரு பங்கு நூல்கள் பாதை மாறிவிடும்!

ராஜ வம்சமே இதற்கு விலக்கல்ல. 1485-ஆம் ஆண்டில் போரில் மாண்ட மூன்றாம் ரிச்சர்ட் மன்னரின் எலும்புக் கூடு, 2012-ஆம் ஆண்டில் லெஸ்டர் நகரில் மோட்டார்கள் நிறுத்தும் ஓர் இடத்துக்கு அடியில் கிடைத்தது. அதையும் டூரி கிங் குழுவினர் பரிசோதித்தார்கள். மன்னருடைய சகோதரியின் பெண் வழியில் வந்தவர்களோடு அது பொருந்தியது. ஆனால் ஆண் வழி உறவினர்கள் என்று வம்சாவளிப் பட்டியல் கூறிய ஐந்து பேரில் ஒருவரோடும் ஒய் குரோமோசோம் பொருந்தவில்லை! இடையில் எங்கேயோ ஆண் வழி நூல் அறுந்திருக்கிறது.

பெயர் சொல்லாத கதை

ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். நமக்குத் தாய் தந்தை இருவர். தாத்தா பாட்டிகள் நால்வர். அவர்களைப் பெற்றவர்கள் எட்டுப் பேர். இப்படியே பத்துத் தலைமுறை மேலே போனால் 1,024 இடங்கள் வரும்.

அந்த 1,024 பேரில் குடும்பப் பெயர் கொண்டு வருவது ஒரே ஒருவரின் கதையைத்தான். மற்ற 1,023 பேரைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. அவர்களில் பாதிக்கு மேல் பெண்கள்!

பெயர் சொல்லாத கதை அட்டன்பரோ வீட்டிலேயே ஒன்று உண்டு.

1939-ஆம் ஆண்டு. ஜெர்மனியில் ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி, இரண்டு யூதச் சிறுமிகள் இங்கிலாந்து வந்து சேர்ந்தார்கள். அமெரிக்காவிலிருந்த மாமாவிடம் போக வேண்டியவர்கள். அதற்குள் யுத்தம் மூண்டுவிட்டது. போக வழி இல்லை.

பிரெடரிக்கும் அவருடைய மனைவி மேரியும் அந்தச் சிறுமிகளைத் தங்கள் வீட்டிலேயே வைத்துக் கொள்ள விரும்பினார்கள். ரிச்சர்ட், டேவிட், ஜான் ஆகிய மூன்று பிள்ளைகளையும் கூப்பிட்டுச் சம்மதம் கேட்டார்கள். பிள்ளைகள் சம்மதித்தார்கள். யுத்தம் முடியும் வரை அந்தச் சிறுமிகள் அந்த வீட்டுப் பெண்களாகவே வளர்ந்தார்கள். ஜெர்மனியில் தங்கிவிட்ட அவர்களுடைய தகப்பனார் நாஜிகளின் வதை முகாமில் மாண்டு போனார்.

அந்தப் பெண்களுக்கு அட்டன்பரோ என்ற பெயர் இல்லை. அந்த ரத்தமும் இல்லை. ஆயினும் ரிச்சர்ட் முதுமையிலும் அவர்களைத் தம் சகோதரிகள் என்றே சொல்லி வந்தார்.

இனிக் கிராமத்துக்கே திரும்புவோம்.

அட்டன்பரோ கிராமத்தின் அருகே 1929-ஆம் ஆண்டு முதல் சரளைக் கல் தோண்டினார்கள். தோண்டிய பள்ளங்களில் நீர் நிரம்பி ஏரிகள் ஆயின. பறவைகள் வந்தன. அந்த இடத்தைப் பறவைகளுக்கும் செடி கொடிகளுக்கும் சரணாலயம் ஆக்கினார்கள். 1966-ஆம் ஆண்டில் அதைத் திறந்து வைக்க ஒருவரை அழைத்து வந்தார்கள்.

வந்தவர் டேவிட் அட்டன்பரோ!

என்றோ ஒரு நாள் யாரோ ஒரு பாட்டனார் மூட்டையைக் கட்டிக் கொண்டு அந்த ஊரை விட்டுப் புறப்பட்டார். பல நூற்றாண்டுகள் கழித்து, அந்த ஊரின் பெயரோடு ஒருவர் அங்கே திரும்பி வந்து நின்றார்.

பெயர் ஒரு நூல்தான். மெல்லிய நூல். ஆனால் அதைப் பிடித்துக் கொண்டே போனால், வந்த வழி தெரிந்துவிடுகிறது!